கை படாதது

பழைய கார்களை விற்கும் ஆங்கில விளம்பரங்களில் ஒரு சொல் அடிக்கடி வரும்: ‘அன்மொலெஸ்டட்’. யாரும் கை வைக்காதது, ஆலையிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருப்பது என்று அர்த்தம். அந்த ‘அன்’ இல்லாமல் அதே சொல்லை நாளிதழின் வேறு பக்கங்களில் படித்துப் படித்து மரத்துப்போனவர்கள் நாம். இங்கே அது ஒரு காரின் மட்கார்டையும் கார்புரேட்டரையும் பற்றிப் பேசியபோது அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அதே பக்கத்தில் இன்னும் சில தொடர்கள். ‘ஒரே உரிமையாளர்.’ ‘எண்கள் பொருந்துவது’, அதாவது ஆலையில் சேசிஸோடு சேர்த்துவைத்த அதே எஞ்சின் இன்றும் பிரியாமல் இருக்கிறது. ‘கவனமான ஒரு பெண்மணி மட்டும் ஓட்டியது.’ இந்தக் கடைசித் தொடர் இங்கிலாந்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பகடி. பெண் ஓட்டியது என்றால் குறைவாக ஓடியிருக்கும், வேகமாக ஓடியிருக்காது, பெரும்பாலும் வீட்டிலேயே நின்றிருக்கும் என்பது அதன் உட்பொருள்.

கற்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். இரும்புக்கும் அது உண்டு என்பதை அந்தப் பக்கங்களில்தான் பார்த்தேன்.

அந்த இதழ்கள் என் கைக்கு வந்தது கோவென்ட்ரியில். ஓர் ஆய்வு நல்கையில் ஆறு மாதம் அந்த ஊரில் இருந்தேன். நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் சொந்தக்கார அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். கணவர் இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் அவர் விட்டுப்போன மஞ்சள் நிற ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நின்றது. இரண்டே பேர் உட்காரும், கூரையை மடக்கிவிடக்கூடிய, இடுப்புயரம் மட்டுமே உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை அதே ஊரின் கேன்லி ஆலையில் மூன்று லட்சத்துக்கும் மேலாகச் செய்தார்கள். இவருடையது 1975ஆம் ஆண்டு வண்டி. கணவர் அதை முப்பது ஆண்டு ஒரு திருகாணியும் மாறாமல் காத்தவர். அந்த அம்மாள் செய்ய நினைத்ததோ, அதன் நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, வேறொரு மாடலின் அகலமான சக்கரங்களைப் பூட்டுவது.

வேறொரு மாடல் என்றாலும் அந்நியம் இல்லை. அதே ஆலையில் அதே காலத்தில் செய்த டோலமைட் ஸ்பிரிண்ட் என்ற நான்கு கதவுக் குடும்பக் காரின் சக்கரம் அது. 1973இல் வந்த அந்தக் காருக்கு அலாய் சக்கரம் கூடுதல் விலைக்கு வாங்கும் அலங்காரம் அல்ல, எல்லா வண்டியிலும் வருவது. அந்நாள் பிரிட்டனில் அது புதுமை. வெள்ளிப் பளபளப்போடு ஐந்தரை அங்குல அகலம். ஸ்பிட்ஃபயரின் இரும்புச் சக்கரம் நாலரை அங்குலம். ஓர் அங்குலத்துக்கா இவ்வளவு பேச்சு என்று நானும் கேட்டேன்.

பேச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மதுக்கடை முற்றத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். எல்லாரும் கணவருக்கு நண்பர்கள், அந்த அம்மாளிடம் பிரியமாக இருப்பவர்கள். சக்கரம் மாற்றப்போவதாக அவர் சொன்னதும் முகங்கள் மாறின. ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “அவர் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார்.”

“ஆமாம், செய்திருக்க மாட்டார்” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். கோபமும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்த மனிதருக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இறந்தவரின் விருப்பம் என்பது விதவைகளின் தலையில் ஏற்றிவைக்கிற பாரம். நம்மூரில் அது புடவை நிறத்தில், பூவில், நிலப்பத்திரத்தில் வரும். அங்கே கார் சக்கரத்தில் வந்தது.

‘ஒரிஜினல்’ என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் அது நிற்கிற இடத்தில் நிற்காது. முதல் ஸ்பிட்ஃபயர்களின் சக்கர அகலம் மூன்றரை அங்குலம். பிற்பாடு ஆலையே அதை நாலரையாக்கியது. பின்சக்கர அமைப்பிலும் ஆலையே கை வைத்தது. தொடக்க கால வண்டிகளில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். வண்டி வாலைச் சுழற்றிவிடும். 1970இல் வந்த நான்காம் மாடலில்தான் குறுக்கு ஸ்பிரிங்கின் பிடிப்பை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். ஆலை மாற்றினால் அது முன்னேற்றம், கொட்டகையில் ஒருத்தி மாற்றினால் அது களங்கம். நம் நாட்டிலும் 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று ஒரு விதி வந்தது. 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. சட்டம்கூட அங்கே நிறுத்திக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு நட்டும் போல்ட்டும்கூட மூலபாடம்.

ஏடுகளோடு பழகியவளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ‘இடைச்செருகல்’ என்று முத்திரை குத்தி ஒரு பாட்டை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் போட்டுவைப்பார். எந்தக் கை எப்போது எழுதியது என்று கேட்பார். காரைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எந்தக் கை?

அந்த அம்மாளின் கை. பதினாறு வயதில், 1974இல், அவர் கோவென்ட்ரியில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே மிஷினில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பெண்கள். டோலமைட்டுக்கும் தைத்தார், ஸ்பிட்ஃபயருக்கும் தைத்தார். கொட்டகையில் நிற்கும் மஞ்சள் வண்டியின் இருக்கைத் தையலை விரலால் தடவிக்காட்டி, “இது நானாக இருக்கலாம், என் பக்கத்து மிஷின்காரியாகவும் இருக்கலாம்” என்றார். எந்த ஆண்டில் எந்தக் கார்புரேட்டர் வந்தது என்று ஒப்பிக்கிற கூட்டத்தில், இந்தத் தையலை யார் போட்டது என்று முப்பது ஆண்டில் ஒருவரும் கேட்டதில்லையாம். கணவரும் கேட்டதில்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் குறித்துவைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968இல் டேகன்ஹமில் ஃபோர்டு ஆலையில் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய வேலை ‘திறன் தேவையில்லாதது’ என்று கீழ்த்தரத்தில் வகைப்படுத்தப்பட்டிருந்தது. 1970இன் சம ஊதியச் சட்டத்துக்கு அந்த வேலைநிறுத்தம் வழிவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட தர உயர்வு, இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1984இல்தான் கிடைத்தது. வளைந்த இருக்கையின் மேல் சுருக்கம் விழாமல் வினைல் தைப்பது திறன் இல்லையென்றால், நாலு நட்டு முடுக்குவது எப்படித் திறன் ஆகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அகலச் சக்கரம் எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலும் அங்கிருந்துதான் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்குப் போகிற வழியில் முடிந்த வண்டிகள் வரிசையாக நிற்குமாம். அதில் ஸ்பிரிண்ட் சக்கரங்கள் மேல் அவருக்குக் கண். வாங்குகிற சம்பளம் இல்லை. கடன் கேட்டாலும் அப்பாவோ கணவரோ கையெழுத்துப் போடச் சொல்வது அங்கே அன்று சாதாரணம். 1975இல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்தான் அதைச் சட்டவிரோதமாக்கியது. ஆக, ஐம்பது ஆண்டாகப் பிடித்திருந்த ஒன்று. பிடி அதிகம், மழையில் பாதுகாப்பு என்றெல்லாம் அவர் காரணம் ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் அது முழு உண்மையாகவும் இருந்திருக்காது. மெல்லிய டயர் தேங்கிய தண்ணீரை நன்றாகவே கிழித்துப் போகும். அகல டயரால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். காய்ந்த சாலை வளைவில் பிடி கூடும் என்பது மட்டும் உறுதி.

வேலை ஒரு சனிக்கிழமை தொடங்கியது. டார்ச் பிடிப்பது என் பொறுப்பு.

ஸ்பிட்ஃபயரின் முகப்பு, மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் மல்லாந்து திறக்கும். அப்படித் திறந்ததைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணத்துப் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் வந்தது. அதுவும் அப்படித்தான் வாய் பிளக்கும். இது தற்செயல் இல்லை. 1959இல் கோவென்ட்ரியில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலொட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலையில் நம்மூர்க் காராகச் செய்தார்கள். பெரியப்பாவுடையது இரண்டு கதவு வண்டி. பின்னால் உட்காருகிறவர்கள் முன்சீட்டை மடக்கி உள்ளே போகவேண்டும். பின்னால் உட்காருகிறவர்கள் என்றால் பெரியம்மா, அம்மா, அத்தைகள், நாங்கள். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, தலையைக் குனிந்து, முதலில் ஏறவேண்டியவர்கள் பெண்கள். ஆண்கள் இறங்கி சீட்டை மடக்கினால்தான் வெளியே வரலாம். வழியில் பெரியப்பா நண்பரோடு ஜன்னல் வழியே அரைமணி பேசினால் அரைமணி அடைப்பு. பின்னால் நான்கு கதவு ஹெரால்டை இந்தியாவுக்கென்றே செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை.

முகப்பு திறந்தால் பெரியப்பாவும் மெக்கானிக்கும் இரண்டு டயர்கள் மேலும் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். கிட்டே போனால் “பாப்பா, கரி ஒட்டும், தள்ளி நில்லு” என்பார்கள். அதில் அக்கறை இருந்தது; இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கரிக்குள் மறைந்திருந்தது வெறும் சில எண்கள் என்று தெரிய எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆனது.

அந்த எண்கள் இவைதான். சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் ஸ்டட்டுகள் நான்கு. எதிரெதிர் ஸ்டட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் மூன்றே முக்கால் அங்குலம், 95.25 மி.மீ. ஸ்பிட்ஃபயருக்கும் இதே, டோலமைட்டுக்கும் இதே, ஹெரால்டுக்கும் இதே. அதனால்தான் ஒன்றின் சக்கரம் மற்றதில் உட்காருகிறது. அடுத்தது டயரின் உயரம். பழைய டயர் 155 மி.மீ. அகலம், அதன் பக்கச்சுவர் அகலத்தில் சுமார் எண்பது சதவீதம், 124 மி.மீ. புதியது 175 அகலம், எழுபது சதவீதம், 122.5. இரண்டுமே 13 அங்குலச் சக்கரம்தான். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் பழையதில் 578, புதியதில் 575. மூன்று மி.மீ. வித்தியாசம். அதனால் வேகமுள் பொய் சொல்லாது. இந்தக் கணக்கை அந்த அம்மாள் ஒரு கடித உறையின் பின்புறம் போட்டு என்னிடம் சரிபார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

மூன்றாவது எண்தான் சூட்சுமம். அகலம் ஓர் அங்குலம் கூடுகிறது, சரி, எந்தப் பக்கம்? உள்ளே போனால் சேசிஸையும் ஸ்டியரிங் கம்பிகளையும் இடிக்கும், வெளியே போனால் மட்கார்டு விளிம்பைத் தேய்க்கும். சக்கரம் அச்சில் பதியும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஆஃப்செட் என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சக்கரத்தைக் குப்புறப் போட்டு விளிம்பின் மேல் ஒரு நேர்க்கம்பை வைத்து, கம்பிலிருந்து பதியும் முகம் வரை ஆழத்தை அளந்தால் போதும். பழைய சக்கரத்துக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. கழித்தால், உள்ளே எவ்வளவு வருகிறது என்று தெரியும், மிச்சம் வெளியே. அவர் தையல் டேப்பில் அளந்தார். பிளவுஸுக்குத் தையல் பிடிப்பு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தது.

கணக்கில் சரியாக வந்தாலும் சக்கரம் அசைகிற பொருள். ஹெரால்டு குடும்பத்து வண்டிகளின் முன்சக்கரம் மிக அதிகமாகத் திரும்பும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று அந்நாளில் பெருமையாகச் சொல்வார்கள். மற்ற வண்டியில் இடிக்காத சக்கரம் இதில் இடிக்கலாம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு டப்பா வாங்கிவந்திருந்தார். ஆன்டி ரோல் பார் மேலும் மட்கார்டுகளின் உள்விளிம்பிலும் அதை அரைவிரல் கனத்துக்கு அப்பினோம். ஜாக்கியை முன்சக்கரத்தின் கீழ்க்கையில் கொடுத்து, பள்ளத்தில் விழுந்தால் ஏறுகிற அளவுக்கு ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான் திருப்பினேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், வலப்பக்கக் களிமண்ணின் முதுகை டயர் லேசாகத் தடவியிருந்தது; இரும்பைத் தொடவில்லை. பின்பக்கம் தோட்ட மண் மூட்டைகளை அடுக்கி அழுத்திப் பார்த்தோம். அங்கே களிமண்ணில் கோடுகூட இல்லை. பின்சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உட்பக்கம் சாயும்படி அமைந்த வண்டி அது. அந்த அமைப்பு இங்கே உதவிக்கு வந்தது.

முற்றத்தில் வாய்விட்டுச் சொன்ன அதே மனிதர் மறுநாள் வந்தார். களிமண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தரையில் படுத்து ட்ரன்னியனைக் காட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையோடு ஒரு வெண்கலக் குமிழுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே திரும்பும். அதற்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் போடவேண்டும். எண்ணெய் வறண்டால் தண்டு துருப்பிடித்து முறியும். சக்கரம் ஒருபக்கமாக மடங்கிவிடும். சக்கரம் வெளியே தள்ளினால் அந்த மரைக்கும் பேரிங்குக்கும் பளு கூடும், பார்த்துக்கொள் என்றார். அது மிகச் சரியான அறிவுரை. ‘அவர் செய்திருக்க மாட்டார்’ என்பதை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் இவ்வளவு விஷயம் இருந்தது. அந்த அம்மாள் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்து, எண்ணெய் நிரப்பிவிட்டுத்தான் மேலே போனார். ஸ்டட்டுகளையும் மாற்றினார். அலாய் சக்கரத்தின் பதியும் பகுதி கனமானது. இரும்புச் சக்கரத்துக்குப் போதுமான ஸ்டட் இதில் நட்டுக்குள் போதிய மரை ஏறாமல் நின்றுவிடும். நட்டும் வேறு. இரும்புச் சக்கர நட்டின் கூம்பு முனை இதில் சரியாக உட்காராது.

அப்போதுதான் ஸ்டெப்னி பேச்சு வந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் செய்யத் தொடங்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அவர்கள் ஊரில் செத்துப்போன சொல் நம்மூர்ப் பஞ்சர் கடையில் உயிரோடிருக்கிறது என்றதும் சிரித்தார். ஒருவன் மனைவிக்கு வெளியே வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் நம்மூரில் சில வாய்களில் அதே பெயர் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. “பின்னால் கிடப்பவளா? தேவைப்பட்டால் மட்டுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரமாகவே இருக்கட்டும் என்று முடிவானது; அகலமானது அந்தக் குழிக்குள் சிரமம். இரும்புச் சக்கரத்தைப் பூட்ட நேர்ந்தால் அதற்குரிய நட்டு வேண்டுமே என்று நான்கை ஜாம் பாட்டிலில் போட்டு டிக்கியில் வைத்தார்.

கழற்றிய மற்ற சக்கரங்களை அவர் விற்கவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, எது எந்த மூலையிலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிக் கொட்டகைப் பரணில் ஏற்றினார். நாளைக்கு யாராவது திரும்பப் பூட்ட நினைத்தால் ஒரு மதிய நேர வேலை. ஒரு வெட்டு இல்லை, ஒரு வெல்டு இல்லை. அந்த வண்டிக்கு அதற்கு மேல் என்ன கெடுதல் நேர்ந்துவிட்டது என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

புதுச் சக்கரம் பூட்டினால் ஐம்பது மைல் போல ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு போய் வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும் என்பதற்காகவே அங்கே போனோம்; ஷேக்ஸ்பியர் வீட்டைப் பார்க்க இறங்கக்கூட இல்லை. கூரை திறந்திருந்தது, குளிர் காதை அறுத்தது. திரும்பி வந்து எஞ்சின் ஆறுவதற்குள் அவர் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். எதிரெதிராக, ஒவ்வொன்றாக, பதினாறு நட்டும். மூன்று மட்டும் கால் சுற்று ஏறின.